லார்டு எழுதிய விண்ணப்பம்

என் வீட்டுக்காரர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப் போவதைப் படித்தால் உங்களுக்கு அந்தச் சந்தேகம் வரும். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், வீட்டு வேலையில் பாதியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் இங்கிலீஷ்.

எல்லாரும் பேசுகிற இங்கிலீஷ் இல்லை. அது அவருக்கு இளப்பம். எவரும் வாயில் வைக்காத வார்த்தைகளாகத் தேடிப் பிடிப்பார். பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடிப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். காலையில் அதிலிருந்து ஒரு வார்த்தையைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டிவிட்டுத்தான் பல் விளக்குவார். அன்று முழுக்க அந்த வார்த்தையை எங்கேயாவது செருகியாக வேண்டும். பஸ் கண்டக்டர், மளிகைக் கடைக்காரர், மாடி வீட்டுக்காரர் என்று யாரையும் விடமாட்டார். நான் தலை வாரப் போனால் என் முகத்துக்கு நடுவில் அந்தக் காகிதம் நிற்கும்.

ஒரு தடவை அவருடைய அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். அவர் எதிரில் இவர் என்னைக் காட்டி, "என் வொய்ஃப் ரொம்ப லொக்வேஷஸ்" என்றார். நான் உச்சி குளிர்ந்துபோய் நாத்தனாருக்கு இன்னொரு காபி போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு அர்த்தம் கேட்டால், வாயாடியாம். "மரியாதையான வார்த்தைம்மா அது" என்று சமாதானம் வேறு. வாயாடி என்று நேராகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். இப்படிச் சொன்னதால் காபி கொடுத்தேன். அந்த வார்த்தைகளின் வேலையே அதுதான் என்று பிற்பாடு புரிந்தது.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்த்தோம். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு, போர்வை, துண்டு எல்லாம் வெளுத்துத் தேய்த்து அனுப்பும் பெரிய சலவைக் கம்பெனி. அவர் வாசல் பக்கம், வண்டியில் ஏறும் மூட்டைகளைச் சரிபார்த்து அனுப்புவார். நான் உள்ளே ரோலரில். ரோலர் என்றால், ஆள் உயரத்தைவிட நீளமான இரும்பு உருளை. அதற்குள் நீராவி ஓடும். ஈர விரிப்பின் இரண்டு மூலைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து நுழைத்தால், அந்தப் பக்கம் காய்ந்து மடமடவென்று வெளியே வரும். நுழைக்கிற இடத்தில் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை தவறி உள்ளே போனால் முதலில் அந்தக் கம்பியில் இடிக்கும், இடித்த உடனே ரோலர் நின்றுவிடும். எங்கள் விரல்களுக்குக் காவல் அது ஒன்றுதான்.

தடித்த போர்வை பட்டாலும் அது நின்றுவிடும் என்பதுதான் சங்கடம். நின்றால் திரும்ப ஓட்டுவதற்கு நேரம் பிடிக்கும், வாசலில் வண்டி காத்திருக்கும். மேனேஜருக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அந்தக் கம்பி அசையாதபடி வயர் போட்டு இழுத்துக் கட்டச் சொன்னார். "பார்த்து வேலை செஞ்சா ஒண்ணும் ஆகாது" என்று எங்களுக்கு உபதேசம் செய்துவிட்டுப் போனார். அவருக்கென்ன, அவர் கை கண்ணாடி ரூமில் ஏ.சி. காற்றில் பத்திரமாக இருந்தது.

என்னோடு மறுமூலையைப் பிடிக்கிறவளை நாங்கள் சின்னவள் என்று கூப்பிடுவோம். ரோலரில் நிற்பவர்களில் அவள்தான் இளையவள், பயந்த சுபாவம். "அக்கா, உங்க வீட்டுக்காரர எழுதிக் குடுக்கச் சொல்லுங்கக்கா. அவர் எழுதினா கேப்பாங்க" என்றாள். அங்கே எல்லாருக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. மேலிடத்துக்கு எது எழுதுவதென்றாலும் லார்டு எழுதினால்தான் மதிப்பு என்பார்கள். லார்டு என்பது அவருக்கு அங்கே வைத்த பேர். அதில் பாதி கிண்டல், பாதி பெருமை. அவர் முழுக்கப் பெருமை என்றே எடுத்துக்கொண்டார்.

எழுதினார். தடிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அடித்துத் திருத்தி, நல்ல காகிதத்தில் திரும்ப எழுதி, நடு வீட்டில் நின்று படித்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் கேட்க ஜோராக இருந்தது. தமிழில் சொல்லச் சொன்னேன். சாதனத்தின் இன்றைய நிலை அதன் ஆதி நோக்கத்துக்கு முற்றிலும் இசைவாக இல்லையோ என்று கருத இடமிருப்பதால், உசிதமான சமயத்தில் மேம்பாடு குறித்துப் பரிசீலிக்கத் தாழ்மையுடன் வேண்டுகிறோம் என்பதுதான் சாராம்சம்.

"வயர அவுக்கச் சொல்லி எழுதியிருக்கீங்களா இல்லையா?" என்று கேட்டேன்.

"அதத்தாம்மா சொல்லியிருக்கேன். நாசூக்கா."

மேனேஜர் அதைப் படித்துவிட்டு இவரைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். "நம்ம ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் இப்படி எழுத வராதுங்க" என்றார். மற்றவர்களும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று அதை நோட்டீஸ் போர்டில், நாலு மூலையிலும் குண்டூசி குத்தி மாட்டினார். இவருக்கு அன்று தலைகால் புரியவில்லை. டீ குடிக்கப் போகிற சாக்கில் அந்தப் போர்டு பக்கம் போய்ப் போய் நிற்பார். வயர் கட்டினது கட்டினபடியே இருந்தது. நான் கேட்கிறபோதெல்லாம், "பரிசீலிக்கிறாங்கம்மா" என்பார்.

அவர்கள் பரிசீலித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் விரிப்பின் மடிந்த ஓரம் என் விரலில் சுற்றிக்கொண்டது. வலது கை ரோலருக்குள் போனது. அதற்கு மேல் அதை விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. சின்னவள் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த மெயினை அணைத்தாள், இல்லையென்றால் முழங்கை வரை போயிருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருகிறவரைக்கும் என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அது நோட்டீஸ் போர்டுக்கு நேர் கீழே போட்டிருந்த பெஞ்சு. விரல்கள் தப்பின. ஆனால் நடு மூன்றும் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி அழுதார். அந்த அழுகை காய்வதற்குள் மேனேஜர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து நின்றார். ஹெட் ஆபீஸிலிருந்து அதிகாரி ஒருவர் விசாரிக்க வருகிறாராம். என் தரப்பில் ஒரு வாக்குமூலம் எழுதி, நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். "நீங்களே எழுதிடுங்க. உங்க இங்கிலீஷுக்குத் தனி மதிப்பு இருக்கு" என்றார் இவரைப் பார்த்து. இவரும் எழுதிக்கொண்டு வந்தார். தோசையைத் திருப்புகிற மாதிரி என்னைத் திருப்பிவிடலாம் என்று இரண்டு பேரும் நினைத்தார்களோ என்னவோ.

"வருந்தத்தக்க நிகழ்வு ஒன்று நேர்ந்ததுன்னு ஆரம்பிச்சிருக்கேன்" என்றார்.

"நேர்ந்துச்சா? தானாவா?"

"அப்படித்தாம்மா எழுதுவாங்க."

"வயர் எங்க இருக்கு இதுல?"

"வயர்னு எழுதினா கொச்சையா இருக்கும். தற்காலிக ஏற்பாடுன்னு போட்டிருக்கேன்."

"கட்டச் சொன்ன ஆளு?"

காகிதத்தை மடித்தார், பிரித்தார். பிறகு மெதுவாக, "ஒருத்தரைக் கைகாட்டி எழுதறது ஃபார்மல் இல்லம்மா" என்றார்.

"என் கை வெந்தது மட்டும் ஃபார்மலா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் வலியே தெரியவில்லை. மேனேஜர் மேல் ஆத்திரம், அது புரிந்துகொள்ளக் கூடியது. அதைவிட இவர் மேல்தான் அதிகம். இவ்வளவு காலம் கண்ணாடியில் ஒட்டிச் சேர்த்த வார்த்தைகளில், தன் பெண்டாட்டியின் கையை யார் இப்படி ஆக்கினார்கள் என்று சொல்ல ஒரு வார்த்தை இல்லை. காகிதத்தில் கடைசி வரியில் இனட்வர்ட்டன்ஸ் என்று ஒன்று இருந்தது. கேட்டால், கவனக்குறைவாம். யாருடைய கவனக்குறைவு என்றேன். "பொதுவா" என்றார். அடியில் கையெழுத்து மட்டும் என்னுடையது.

அன்று சாயந்திரம் சின்னவள் பார்க்க வந்தாள். "வயர இன்னும் அவுக்கலக்கா" என்றாள். "உங்க இடத்துல வேற ஒருத்திய நிறுத்திட்டாங்க. எனக்குத் துணியத் தொடவே பயமா இருக்கு." நான் இவரைப் பார்த்தேன். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கையெழுத்துப் போட மாட்டேன், நானே வந்து சொல்கிறேன் என்று மேனேஜரிடம் போய்ச் சொல்லச் சொன்னேன்.

விசாரணை அந்தக் கண்ணாடி ரூமில் நடந்தது. வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தான் மொழிபெயர்ப்பதாக மேனேஜர் முன்வந்தார். வேண்டாம், என் வீட்டுக்காரர் இருக்கிறார் என்றேன். மேனேஜர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. லார்டுதானே, பூசி மெழுகிவிடுவார் என்று நினைத்திருப்பார். கட்டுப் போட்ட கையைத் தூக்கி மேஜை மேல் வைத்தேன்.

"கை உள்ள போனா ரோலர் நிக்கணும். நிக்காம இருக்கறதுக்கு இவர் வயர் போட்டுக் கட்டச் சொன்னார். அந்த வயர் இன்னும் அங்கதான் இருக்கு" என்றேன். பிறகு இவர் பக்கம் திரும்பினேன். "நான் சொன்ன நீளத்துக்கு மேல போகக் கூடாது. போனா எனக்குத் தெரிஞ்சிடும்."

வாயைத் திறந்தார், மூடினார். பெரிய வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றிருக்கும், எனக்குத் தெரியாதா. ஆனால் அவர் சொன்னதில் கை இருந்தது, ரோலர் இருந்தது, வயர் இருந்தது, மேனேஜரும் இருந்தார். ஒவ்வொன்றும் எனக்கே புரிந்தது. அதிகாரியின் பேனா நின்றது. அந்த அதிகாரி எழுந்து நேராக ரோலரிடம் போனார். அவர் கண் எதிரிலேயே மெக்கானிக் வயரைக் கத்தரித்தான். சின்னவள் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள், ரோலர் நின்றது.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ரூமுக்குத் திரும்பியதும் மேனேஜர் கண் இமைக்காமல் ஒன்று சொன்னார். அது மெக்கானிக் தன் இஷ்டத்துக்குச் செய்த வேலை, ஒருவர்கூடத் தன்னிடம் புகார் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் அன்றே அவிழ்த்திருப்பேன் என்றார். என் வீட்டுக்காரர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. நோட்டீஸ் போர்டிலிருந்து தன் கடிதத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். ஒரு மூலையில் குண்டூசி தொங்கிக்கொண்டிருந்தது.

அதிகாரி படித்தார். திரும்பவும் படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். இதில் வயரைப் பற்றி எங்கே இருக்கிறது என்று மரியாதையாகத்தான் கேட்டார். இவர் முதல் வரியில் விரலை வைத்தார். விரல் வரி வரியாக இறங்கியது. கடைசியில் தன் கையெழுத்துக்கு மேல் வந்து நின்றது. அதற்குக் கீழே போக இடமில்லை.

முன்கூட்டிப் புகார் ஏதும் இல்லை என்று ஃபைலில் எழுதி மூடினார்கள். மெக்கானிக்கை வேலையைவிட்டு அனுப்பினார்கள். மேனேஜர் இன்னும் அதே ஏ.சி.யில் இருக்கிறார். நான் இடது கையால் துண்டு மடிக்கிறேன். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது, அது அடங்க வேண்டும் என்றும் எனக்கு ஆசையில்லை.

வீட்டுக் கண்ணாடியில் இப்போது காகிதம் இல்லை, பசைத் தடம் மட்டும் இருக்கிறது. போன வாரம் கம்பெனியில் சின்னவள் இவரிடம் வந்தாள். ரோலருக்கு மேலே போகிற நீராவிக் குழாய் ஒழுகுகிறதாம். "அண்ணே, எழுதிக் குடுங்க" என்றாள். இவர் பேனாவை எடுத்தார். பழக்க தோஷத்தில் முதல் வரி நீளமாகப் போனது. நான் துண்டை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"தாழ்மையுடன்..."

"அடிங்க அத. பைப் ஒழுகுது, கொதிக்கிற தண்ணி எங்க தலையில விழுது, இன்னிக்கே சரி பண்ணுங்க. இத எழுதுங்க."

எழுதினார். மேலே மேனேஜரின் பேரைப் போடச் சொன்னேன். கொஞ்சம் தயங்கினார், பிறகு போட்டார். பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்த காகிதத்தைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். அவருக்கு அழுகையே வந்திருக்கும்.

"இவ்வளவுதான்" என்றேன். இடது கையால் கோணல்மாணலாக நான் முதலில் கையெழுத்துப் போட்டேன், அடுத்து சின்னவள், அதற்கடுத்து அவர்.

அந்தக் கடிதத்தை யாரும் நோட்டீஸ் போர்டில் மாட்டவில்லை. மறுநாள் காலையில் குழாயைச் சரிசெய்ய ஆள் வந்தார்.