துப்பாக்கிப் புத்தகத்துக்குள் இருந்த கடிதம்

1986ஆம் ஆண்டு, விபூதிப் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை அது நடந்தது. டென்மார்க்கில் கிரின்ஸ்டெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நாங்கள் அங்கே குடியேறி எட்டு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் என்றால் நான், என் அக்கா, அக்காவின் ஐந்து வயது மகள். இதை எழுதுவதா விடுவதா என்று ஒரு வருடமாக யோசித்தேன். ஆறுதல் கிடைக்கும் என்பதற்காக இதை எழுதவில்லை.

முதலில் அக்காவின் புருஷன், அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1984இல் மன்னாரில் எங்கள் கிராமத்தை இலங்கை ஆமி சுற்றிவளைத்தது. ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் நிறுத்தி, ஒவ்வொருவராக ஒரு ஜீப்புக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். ஜீப்புக்குள் ஒருவன் இருந்தான். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் கொண்டு போவார்கள், ஆட்டாவிட்டால் விடுவார்கள். தலையாட்டி என்று நாங்கள் சொல்வது இவர்களைத்தான். எனக்கு முன்னால் அத்தான் போனார். சாக்கு இரண்டு தரம் ஆடியது. பின்னால் நான் போனேன். ஆடவில்லை. அக்கா வேலிக்கு வெளியே மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றா. அத்தானைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

கடற்தொழில் செய்த எங்கள் அப்பா கைநாட்டு வைப்பவர். அக்காவும் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டா. எங்கள் குடும்பத்தில் ஓஎல், ஏஎல் என்று படித்த முதல் ஆள் நான்தான். அதனால் டென்மார்க்குக்கு வந்த பிறகும் வீட்டுக்கு வருகிற கடிதங்களை வாசிப்பது என்னுடைய வேலையாக இருந்தது. கொம்யூன் என்கிற நகரசபைக் கடிதமோ கரண்ட் பில்லோ, பிள்ளை போகிற பாலர் பள்ளிக் கடிதமோ, எதுவென்றாலும் அக்கா பிரிக்காமல் என் கையில் தருவா. நான் அகராதியை எடுத்துக்கொண்டு குந்துவேன்.

ஐப்பசி மாதம் ஒரு நாள் பின்னேரம் எங்கள் முன் யன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கல் வந்து விழுந்தது. கல்லில் கடதாசி சுற்றியிருந்தது. அதையும் நான்தான் வாசித்தேன். அகராதி தேவைப்படவில்லை, திரும்பிப் போ என்ற இரண்டு சொல்தான். பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். ஐந்து நிமிடம் நின்று எழுதிக்கொண்டு போனார்கள். கொம்யூன் ஆட்கள் கண்ணாடியை மாற்றித் தந்தார்கள். பக்கத்து வீட்டு மனிசி கேக் கொண்டுவந்து தந்து, தன் ஊருக்காக மன்னிப்புக் கேட்டா. அதையெல்லாம் நான் கணக்கில் எடுக்கவில்லை. மைதானத்தில் நான் சும்மா நின்றுவிட்டேன். இன்னொரு தரம் சும்மா நிற்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

ஊரில் ஒரு துப்பாக்கி சுடுபவர் கழகம் இருந்தது. விளையாட்டு மண்டபத்துக்குக் கீழே, நிலவறையில், செவ்வாய் தோறும் கூடுவார்கள். பால்காரர், தபால்காரர், பள்ளி மாணவர் எல்லோரும் வருவார்கள். சின்ன ரைபிள், பதினைந்து மீற்றர் தூரத்தில் கடதாசி வட்டம், முடிந்ததும் கோப்பி. என்னை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. எனக்குப் பழக்கியது பேக்கரியில் வேலை செய்கிற, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பாயில் என் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, எங்கே தோளை வைப்பது, எப்படி மூச்சைப் பாதியில் நிறுத்துவது, விசையை எப்படி இழுக்காமல் அழுத்துவது என்று சொல்லித் தருவா.

அவவிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு தரமும் சுட முன்னர், முன்னால் இருப்பது என்ன என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடதாசி என்று சொல்லிவிட்டுத்தான் விரலை விசையில் வைக்கலாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

"கடதாசி எண்டு தெரியும்தானே, பிறகென்ன சொல்லுறது?" என்று என் அரைகுறை டேனிஷில் கேட்டேன்.

"தெரியும் என்று நினைக்கிறவனுக்காகத்தான் இந்த விதி," என்றா. "சொல்லு."

சொன்னேன். மார்கழிக்குள் பத்துக்கு ஒன்பது குண்டு நடு வட்டத்துக்குள் போனது. ஒரு செவ்வாய் எல்லோரும் கை தட்டினார்கள். இந்த நாட்டுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் கைதட்டு அது. அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது நான் சந்தோசமாக இருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

கழகத்து ரைபிளை வீட்டுக்குக் கொண்டுபோக விட மாட்டார்கள். அதனால் நூலகத்தில் வேட்டைத் துப்பாக்கிகள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை இரவல் எடுத்தேன். சோதனைக்குப் படிப்பது போலப் படித்தேன். கொப்பியில் கோடு போட்டு எழுதினேன். காற்றுத் துப்பாக்கி காகத்துக்குத்தான் சரி. ரைபிள் குண்டு சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக்குப் போகும். இரட்டைக் குழல் சொட்கன் என்றால் சன்னங்கள் பரவிப் போகும், கை நடுங்கினாலும் குறி பிழைக்காது. படித்து வந்த முடிவு அது. படிப்பு என்னை அதுவரை ஏமாற்றியதில்லை.

சனிக்கிழமைகளில் நான் ஒரு மிங்க் பண்ணையில் கூடு துப்பரவாக்கப் போவேன். தோலுக்காக வளர்க்கிற, கீரி போன்ற பிராணி. பண்ணைக்காரரிடம் ஒரு பழைய சொட்கன் இருந்தது. விற்பீர்களா என்று கேட்டேன். எதைச் சுடப் போகிறாய் என்றார். புத்தகத்தில் படித்தது ஞாபகம் வந்தது, நரி என்றேன். அனுமதிப் பத்திரம் எடுத்துவிட்டாயா என்றார். எடுத்துவிட்டேன், வீட்டில் இருக்கிறது என்றேன். நல்ல மனிதர், நம்பினார். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ என்றார்.

அதற்கு முதல் நாள், வியாழக்கிழமை, பாலர் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அக்கா வழமை போலப் பிரிக்காமல் என்னிடம் தந்தா. நான் அப்போது புத்தகத்தில் சொட்கனை எப்படிப் பிரித்துத் துடைப்பது என்ற பக்கத்தில் இருந்தேன். பாலர் பள்ளிக் கடிதம்தானே, மாற்று உடுப்பு, பழம், அப்படி ஏதாவது இருக்கும், பிறகு பார்ப்போம் என்று நினைத்தேன். பக்கம் தவறாமல் இருக்க அந்தக் கடிதத்தை அதற்குள் வைத்துப் புத்தகத்தை மூடினேன்.

வெள்ளிக்கிழமை துப்பாக்கியையும் அவர் தந்த இரண்டு தோட்டாவையும் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். அக்கா அன்றைக்கே கண்டுவிட்டா. கத்தவில்லை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னா: "இந்தச் சாமான் இருக்கிற வீட்டைத்தான் தம்பி அவங்கள் முதல்ல தேடுவாங்கள்." இது மன்னார் இல்லை அக்கா என்றேன். "அப்ப என்னத்துக்கு வாங்கினனி?" என்றா. கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை நல்ல குளிர், நிலமெல்லாம் உறைந்த பனி. மருமகளுக்குச் சப்பாத்துப் போட்டு, சிவப்புக் கம்பளிக் கையுறை இரண்டையும் கழுத்துக் கயிற்றோடு மாட்டி, பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வந்தேன். எனக்கு மொழி வகுப்பு மத்தியானம்தான். பத்து மணி இருக்கும். தெருவில் தகரம் தட்டுகிற சத்தம், பனியில் பல கால்கள் நெரிபடுகிற சத்தம். யன்னலால் பார்த்தேன்.

பத்துப் பன்னிரண்டு பேர். யாருக்கும் முகம் இல்லை. முகமூடி, கரி பூசிய முகம், கையில் தடிகள். எங்கள் கேற்றைத் திறந்துகொண்டு நேரே வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒரு சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

அவர்கள் உயரம் குறைவு என்பதை நான் பார்க்கவில்லையா என்று பிறகு பொலிஸ் கேட்டது. பார்த்திருப்பேன். கண் பார்த்தது. தலைக்குள் ஏறவில்லை. ஏனென்றால் அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா, அப்படியே நிலத்தில் குந்தி, மேசைக்குக் கீழே தவழ்ந்து போய் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டா. அதற்குப் பிறகு எனக்கு அது டென்மார்க் இல்லை.

துப்பாக்கியை எடுத்து இரண்டு தோட்டாவும் போட்டேன். ஒன்றும் கீழே விழவில்லை, நன்றாகப் பழகியிருந்தேன். முன் கதவைத் திறந்து தோளில் வைத்தேன். சாக்கு எனக்கு நாலு மீற்றருக்கு முன்னால் நின்றது. பின்னால் தகரம் தட்டினார்கள், ஏதோ பாடினார்கள். சாக்கு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியது. ஒரு தரம், இரண்டு தரம், பிறகும் ஆட்டியது.

பேக்கரிப் பெண் சொல்லித் தந்த விதியை நான் மறக்கவில்லை. முன்னால் இருப்பது என்ன என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"தலையாட்டி."

சொல்லிவிட்டுப் பாதுகாப்புப் பூட்டைத் தள்ளி விரலை விசையில் வைத்தேன். மூச்சைப் பாதியில் நிறுத்தினேன்.

சாக்கின் ஓட்டை கண்ணை விட்டு விலகிவிட்டது போல. அதைச் சரிப்படுத்த ஒரு கை மேலே வந்தது. சிவப்புக் கம்பளிக் கையுறை. காலையில் நானே மாட்டிவிட்டது.

"மாமா, நான்தான்."

கண்டுபிடித்துவிட்டீர்களே என்பது போல, விளையாட்டுக் குரலில் முதலில் சொன்னாள். துப்பாக்கியை இறக்க நினைக்கிறேன், கை கேட்கவில்லை. தகரச் சத்தம் நின்றுவிட்டது. அவள் இன்னொரு தரம் சொன்னாள், "மாமா, நான்தான்." இந்த முறை குரல் வேறு. அந்த இரண்டாவது குரலை நான் சாகும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

பாலர் பள்ளி ஆசிரியை ஒருத்தி, மையால் மீசை வரைந்து ஆம்பிளைத் தொப்பி போட்டவ, பிள்ளைக்கும் எனக்கும் இடையில் மெதுவாக நடந்து வந்தா. குழலின் மேல் கையை வைத்து நிலத்தை நோக்கி அமத்தினா. வரைந்த மீசை நடுங்கிக்கொண்டிருந்தது.

அக்கா மேசைக்குக் கீழிருந்து வந்து மகளின் தலையிலிருந்து சாக்கைக் கழற்றினா. ஓட்டை வெட்டிய தலையணை உறை அது. அதைக் கையில் பிடித்துப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"அண்டைக்கு இந்தச் சாக்குக்குள்ள இருந்தவனும் ஆரோ ஒருத்தியின்ர தம்பிதானே," என்றா.

கல் விழுந்த நாளில் வந்த அதே பொலிஸ்காரர்கள் வந்தார்கள். இந்த முறை மூன்று மணி நேரம் இருந்தார்கள். அறையைச் சோதித்தபோது புத்தகத்தை அவர்கள்தான் விரித்தார்கள். கடிதம் மேசையில் விழுந்தது. ஒருவர் வாசித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். அப்போதுதான் நான் அதை வாசித்தேன். திங்கட்கிழமை தங்கள் மாறுவேடப் பண்டிகை என்றும், பிள்ளைகள் முகமூடி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பாட வருவார்கள் என்றும், பிறகு தடியால் ஒரு பீப்பாயை அடித்து உடைத்து விளையாடுவார்கள் என்றும் இருந்தது. அடியில் பேனாவால் தனியாக எழுதியிருந்தார்கள்: "உங்கள் மகள் தன் வீட்டைத் தோழர்களுக்குக் காட்ட விரும்புகிறாள். அதனால் முதலில் உங்களிடம்தான் வருவோம். தயவுசெய்து பயப்பட வேண்டாம்."

கஷ்டமான சொல் ஒன்றுகூட இல்லை. இரண்டு நிமிடக் கடிதம்.

துப்பாக்கியைக் கொண்டு போனார்கள். வழக்கு வைத்தார்கள், தண்டம் போட்டார்கள், இத்தோடு போனது உன் அதிர்ஷ்டம் என்றார்கள். பண்ணைக்காரருக்கும் தண்டம் விழுந்தது. பேக்கரிப் பெண் ஒரு நாள் வீட்டுக்கு வந்தா. கோப்பி வைத்தேன், அவ குடிக்கவில்லை. கழகத்தில் இனி நீ இல்லை என்பதைச் சொல்லிவிட்டு, போகும்போது கதவடியில் கேட்டா: "சுட முன்னர் சொன்னாயா?"

ஓம், சொன்னேன் என்றேன்.

"என்ன என்று?"

அதற்கு டேனிஷில் சொல் எனக்குத் தெரியவில்லை. தமிழில் சொன்னாலும் அவவுக்கு என்ன விளங்கும்? கதவைத் திறந்துவிட்டேன். அவ போய்விட்டா.

அதற்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருவரும் எங்கள் வீட்டுப் பக்கமாக நடக்கவில்லை. தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவார்கள். கேக் தந்த மனிசிகூட. அவர்களைக் குறை சொல்ல என்னிடம் வாயில்லை. கல்லெறிந்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எங்களைப் பற்றி அவன் என்ன சொல்லித் திரிந்தானோ, அதை நான் ஒரு காலையில் உண்மையாக்கிக் கொடுத்துவிட்டேன்.

சித்திரையில் அக்கா மகளோடு ரண்டர்ஸ் நகரத்துக்குப் போய்விட்டா. அங்கே எங்கள் ஆட்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். சண்டை பிடித்துப் போகவில்லை. எனக்கு ஒரு கிழமைக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் போனா. மாதம் ஒரு முறை பஸ்ஸும் ரயிலும் மாறிப் போய்ப் பார்க்கிறேன். மருமகள் மரியாதையான பிள்ளை, கேட்டதற்குப் பதில் சொல்லுவாள், இப்போது அதிகமும் டேனிஷில்தான். அக்காவின் கதிரைக்குப் பின்னால் நின்றுதான் சொல்லுவாள். நான் எதையாவது எடுக்கக் கையைத் தூக்கினால், அவள் கண் என் முகத்தை விட்டுக் கைக்குப் போகும்.

இப்போது எந்தக் கடிதம் வந்தாலும், விளம்பரத் தாளாக இருந்தால்கூட, சப்பாத்துக் கழற்ற முன்னரே கதவடியில் நின்று கடைசிச் சொல்வரை வாசித்துவிடுகிறேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வாசிக்கப் பழகியவன் வாசிக்க வேண்டியிருந்த கடிதம் அந்த ஒன்றுதான். பயப்பட வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது, அதை மருமகளிடம் சொல்லும் தகுதி இனி எனக்கு இல்லை.