தம்பி தயவில் ஏழு நாள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு என் சிறுநீரைக் காய்ச்சுவதில்தான் பொழுது விடியும். அம்மா அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டுவாள். தெளிவாக இருந்தால் காப்பி போடப் போய்விடுவாள். பால் திரிந்த மாதிரி கலங்கினால், சிறுநீரகம் மறுபடி புரதத்தை ஒழுகவிடுகிறது என்று அர்த்தம். ஸ்டீராய்டு மாத்திரை கூடும், என் முகம் உப்பும். மாத்திரையைக் குறைத்தால் நோய் திரும்பிவிடும். பள்ளியில் எனக்குப் பெயர் பூசணி.

மாத்திரையைத் தீர்மானிப்பது குழாய்தான் என்று புரிந்ததும் எனக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. உப்பே ஆகாத எனக்கு, விவரம் தெரியாத விருந்தாளிகள் கொடுத்த காரச்சேவு ஒரு டின் நிறைய இருந்தது. ஐந்து வயதுத் தம்பிக்குத் தினமும் ஒரு கைப்பிடி. பதிலுக்கு அவன் எனக்காகக் காலையில் சிறுநீர் டப்பாவை நிரப்புவான்.

ஏழு நாள் குழாய் பளிச்சென்று இருந்தது. நடுவில் வந்த ஞாயிறு ஆராதனையில் அம்மா எழுந்து, தன் மகளுக்குக் கர்த்தர் சுகம் தந்தார் என்று சாட்சி சொன்னாள். சபையே ஸ்தோத்திரம் என்றது. தம்பி சேவு மென்றுகொண்டிருந்தான்.

புதன்கிழமை கண் திறக்க முடியாத வீக்கத்தோடு மதுரைக்கு பஸ் ஏறினோம். அம்மா தினமும் குழாயைப் பார்த்து எழுதும் நோட்டில் ஏழு நாளும் சரியாக இருக்கிறதே என்று டாக்டர் குழம்பினார். நர்ஸ் என்னிடம் சிறுநீர் டப்பாவை நீட்டினார். அதை வாங்கத் தம்பி கையை நீட்டினான். என் சாமர்த்தியம் அத்தோடு முடிந்தது.

வீக்கம் வடிந்த பிறகு டாக்டர் வேறு வழி சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களில் ஒரு வகையே எனக்கு எதிராகத் திரும்பியிருக்கலாமாம். அவற்றைத் தேடிப் பிடித்து ஒடுக்க ஆன்டிபாடி மருந்து இருக்கிறதாம். எல்லாக் குழந்தைக்கும் அது கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். அது அரை நாள் சொட்டுச் சொட்டாக என் கைக்குள் இறங்கியது. அம்மா அசையாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் பாதத்தைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "நீ மட்டுமா ஏமாத்துன? அந்த ஞாயித்துக்கெழம ஒன் செருப்பு வாரை ஒரு ஓட்டை தள்ளித்தான் நான் மாட்டிவிட்டேன். வீக்கம் தெரிஞ்சுதான் எந்திரிச்சு சாட்சி சொன்னேன்."

எனக்குப் பெரிய நிம்மதி. குற்றத்தில் பாதி அம்மா பக்கம் போய்விட்டதல்லவா. மருந்தும் கேட்டது. சில மாதங்களில் மாத்திரை நின்று, என் பழைய முகம் திரும்பியது. வீங்கிய காலைத் தன் கையாலேயே தொட்ட பிறகும், பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது என்று சபை நடுவே சொல்ல ஒருத்திக்கு எவ்வளவு பயம் இருந்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.