வைட்ஃபீல்டுக்கு முன் ஒரு தீர்ப்பு

எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள், எட்டுப் பேர். ஜன்னலோரம் சிஸ்டர். அவர் மடியில் சாப்பாட்டுப் பை, அதன்மேல் ஒரு டேப்லெட். திரையில் ஒரு வெள்ளைக்காரத் துரை சாப்பாட்டு மேசையில் முகம் கவிழ்ந்து இறந்து கிடக்கிறார். எட்டுத் தலைகளும் அவர்மேல் குனிந்திருக்கின்றன. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் மற்றப் பெட்டிக்காரர்கள் சீட்டாடுவார்கள், பஜனை பாடுவார்கள், வாயைத் திறந்தபடி தூங்குவார்கள். நாங்கள் கொலை வழக்கு விசாரித்தோம். இதைச் சொன்னால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் உட்கார்ந்த சபைகளில் அதைவிடக் கூர்மையான சபை வேறில்லை என்று இன்றும் பெருமையோடு சொல்வேன்.

கோலார் தங்கச் சுரங்கம் மூடியபோது அதன் அலுவலகத்தில் இருந்த என் வேலையும் போயிற்று. பெங்களூரில் ஒரு சட்டக் கல்லூரி நூலகத்தில் இடம் கிடைத்தது. வீடு தங்கவயலில், சோறு பெங்களூரில், ஆயுள் ரயிலில் என்று ஆகிவிட்டவர்களில் நானும் ஒருவனானேன். சிஸ்டர் எனக்கு முன்பிருந்தே அந்த ரயிலில் போய்வந்தவர். பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். ஊர்காமில் ஏறுவார். ஏறியதும் கண்ணை மூடி ஒரு சிறு ஜெபம். கண்ணைத் திறந்ததும் எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்பது அந்தப் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அவருடைய மகள் வேலைக்கு வெளிநாடு போனபோது தன் டேப்லெட்டை அம்மாவிடம் விட்டுப் போனாள். அந்த ஆட்டம் அதில் இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுடுவது, ஓடுவது, குதிப்பது எதுவும் அதில் கிடையாது. ஒரு பங்களாவோ கப்பலோ விடுதியோ வரும். ஒருவர் இறந்திருப்பார். நாம் அறை அறையாகப் போய்ப் பார்க்கலாம், பொருள்களைத் தொட்டுப் புரட்டலாம், அங்கே இருப்பவர்கள் சொன்னதைப் படிக்கலாம். யார் செய்தது, எப்படி, எதற்காக என்று நாமே யோசித்து ஒரு பெயரின்மேல் முத்திரை குத்த வேண்டும். குத்தினால் குத்தியதுதான். அந்த ஆளை இழுத்துக்கொண்டு போவார்கள், அடுத்த வழக்கு திறக்கும். நாம் செய்தது சரியா தப்பா என்று ஆட்டம் மூச்சு விடாது. எல்லா வழக்குகளும் முடிந்த பிறகுதான் சொல்லுமாம்.

ஆட்டம் ஆங்கிலத்தில். சிஸ்டர் அதை எங்கள் ஊர்த் தமிழில் படித்துச் சொல்வார். “மழையே இல்லாத நாள்ல இந்தத் துரை இன்னாத்துக்குக் குடையோட வந்திருக்கார்?” என்பார். எதிரே இருக்கும் கார்மெண்ட்ஸ் சூப்பர்வைசர், “துரைங்க அப்படித்தான் சிஸ்டர். எங்க அம்மா ஆயா வேலை பாத்த பங்களால தூங்கறப்பவும் ஷூவ கழட்ட மாட்டாங்களாம்” என்பார். ஒரு வழக்கில் படுக்கையில் இறந்து கிடந்தவரின் விரிப்பைச் சிஸ்டர் பெரிதாக்கிப் பார்த்தார். “இந்த மூலை மடிப்பு வீட்டு வேலைக்காரங்க போடறது இல்ல. டிரெயினிங் எடுத்த கை இது” என்றார். சமையல்காரி என்று சொல்லிக்கொண்டு அந்த வீட்டில் இருந்தவள் ஒரு நர்ஸ் என்று அப்படித்தான் பிடிபட்டது. இன்னொன்றில் ஒரு மருமகன், மாலை முழுவதும் இந்தப் புத்தகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன் என்றான். பழைய காலப் புத்தகங்களில் தாள்கள் ஓரம் ஒட்டியபடியே வரும். படிப்பவர் கத்தியால் வெட்டிப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். அவன் கையிலிருந்ததில் ஒரு தாள்கூட வெட்டப்படவில்லை. அதைக் கண்டுபிடித்தவன் நான். “சார் லைப்ரரில தூசு தட்டனது வீண் போவல” என்று சிஸ்டர் சொன்னபோது பெட்டியே கைதட்டியது. அன்றிலிருந்து எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எங்களில் பாதிப் பேர் வைட்ஃபீல்டில் இறங்கிவிடுவார்கள். முடிவு தெரியாமல் இறங்க யாருக்கும் மனம் வராது. அதனால் வைட்ஃபீல்டுக்கு முன் தீர்ப்பு. சிஸ்டர் மட்டும், “இன்னொரு தபா ரூம சுத்திட்டு வந்துடலாமே” என்று இழுப்பார். “வைட்ஃபீல்டு வருது சிஸ்டர், குத்துங்க” என்று நாங்கள் அவசரப்படுத்துவோம். அவர் பெருமூச்சு விட்டுக் குத்துவார். ஆட்டம் எங்களுக்கு நேரம் எதுவும் வைக்கவில்லை. அவசரம் முழுக்க எங்களுடையது.

எங்கள் ஊரிலேயே பாலகாட் பகுதியைச் சேர்ந்த ஒருவர் அந்த வருடம்தான் எங்கள் பெஞ்சுக்கு வந்து சேர்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். பெங்களூரில் மொபைல் பழுது பார்க்கும் கடையில் வேலை. மொபைல்காரர் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். சிஸ்டரின் டேப்லெட் ஒருமுறை சார்ஜ் ஏறாமல் போனபோது கடைக்கு எடுத்துப் போய்ச் சரி செய்து கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை. “பழசுன்னாலும் நல்ல பீசு சிஸ்டர். இப்ப வித்தாகூட ரேட்டு போவும்” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் என் மனதில் தங்கிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை. பங்காரப்பேட்டையில் ரயில் வழக்கம்போல் நெடுநேரம் நின்றது. சிஸ்டர் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்க இறங்கினார். நாங்கள் சிலரும் டீக்கு இறங்கினோம். வண்டி கிளம்பிய பிறகு சிஸ்டர் பையைத் திறந்தால் டேப்லெட் இல்லை. ஊர்காமில் ஏறும்போது இருந்ததை அவரே பார்த்திருக்கிறார். சீட்டுக்கடியில், மேல் பலகையில், ஜன்னல் இடுக்கில் தேடினோம். கிடைக்கவில்லை. மாலூர் தாண்டிற்று. என் மூளை அதற்குள் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. சிஸ்டரின் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மொபைல்காரர். அவரும் பங்காரப்பேட்டையில் இறங்கினார். வண்டி நகர்ந்த பிறகு ஓடிவந்து வேறு வாசலில் ஏறினார். எப்போதும் மேலே போடும் பையை இன்று மடியில் அணைத்துக்கொண்டிருக்கிறார். விற்றால் விலை போகும் என்று சொன்னவரும் அவர்தான்.

“மொபைல்காரரே, தெனமும் பைய மேலதான வெப்பீங்க. இன்னைக்கு இன்னா மடியிலயே?” என்றேன்.

“சும்மாதான் சார்.”

“ஓடி வந்து ஏறினீங்க. வேர்த்திருக்கு.”

“இன்னா சார், என் மேல கேஸ் கட்றீங்களா?” என்று சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

“தொறந்து காட்டிட்டீங்கன்னா முடிஞ்சிது.”

அவர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தலை நிமிராமல் தன் பையையே திரும்பத் திரும்பத் துழாவிக்கொண்டிருந்தார். மொபைல்காரர் ஜிப்பைத் திறந்தார். உள்ளிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பெஞ்சின்மேல் எடுத்து வைத்தார். டிபன் பாக்ஸ். ஸ்க்ரூடிரைவர்கள் சொருகிய உறை. கடைசியாகத் துண்டில் சுற்றிய ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில் ஐஸ் கட்டிகள், நடுவே இறுக மூடிய ஒரு சிறு பாட்டில்.

“எங்க அப்பா சளி சார். டெஸ்டுக்கு எடுத்துனு போறேன். பாட்டில் சாயக் கூடாதுன்னாங்க. ஐஸ் கரைஞ்சிட்டுது, அத வாங்கத்தான் எறங்கினேன்.” அவருடைய அப்பா சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை செய்தவர். எங்கள் ஊரில் சுரங்கத் தூசி தந்த அந்த இருமல் எந்த வீட்டிலிருந்து கேட்டாலும் காரணம் கேட்க வேண்டியதில்லை.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பையில் இல்லாவிட்டால் நான் கட்டிய வழக்கு இடிந்துவிடுமே என்ற பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை. “பை காலின்னா போதுமா? பிளாட்ஃபாரத்துல யார் கைல குடுத்தீங்க?” என்று கேட்டேன். சூப்பர்வைசர் தினமும் சொல்லிப் பழகிய வாயால், “வைட்ஃபீல்டு வருது சார், குத்துங்க” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சிஸ்டர் எழுந்தார். டம்ளரை எடுத்து, பாட்டிலின் மூடியை ஒருமுறை பார்த்து, துண்டை இறுக்கிச் சுற்றி, மொபைல்காரர் கையில் கொடுத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “பொருள் என்னுது. நான் யாரையும் கேக்கல. எல்லாரும் கொஞ்சம் வாய மூடறீங்களா?” அத்தனை வருடங்களில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மொபைல்காரர் இறங்க வேண்டிய இடம் கன்டோன்மென்ட். வைட்ஃபீல்டிலேயே இறங்கி, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வேறு பெட்டியைத் தேடி நடந்தார்.

டேப்லெட் கடைசிவரை கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் மொபைல்காரர் எங்கள் பெட்டிக்கு வரவில்லை. சிஸ்டரும் வரவில்லை. அவருக்காகக் கைக்குட்டை போட்டு வைத்த ஜன்னலோரம் சும்மா இருந்தது. கடைசிப் பெட்டியில் மொபைல்காரர் பக்கத்தில் அவரைப் பார்த்ததாகச் சூப்பர்வைசர் வந்து சொன்னார். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மாலை ஊர்காம் பிளாட்ஃபாரத்தில் இறங்கி அவரை நிறுத்தினேன்.

“அவர் எடுக்கலன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா சிஸ்டர்?”

“தெரியல சார்.”

“தெரியாமலா கூடப் போய் உக்காந்திருக்கீங்க?”

“எடுத்தார்னு தெரிஞ்சா போலீசுக்குப் போலாம். எடுக்கலன்னு தெரிஞ்சா எல்லார்கிட்டயும் சொல்லலாம். ரெண்டும் தெரியல. தெரியாத வரைக்கும் அவர் நம்ம பெஞ்சுக்காரர்தான சார்?”

சட்டப் புத்தகங்களை வருடக்கணக்காக அடுக்கி வைத்தவன் நான். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என்ற சொற்றொடரை எத்தனையோ அட்டைகளுக்குள் பார்த்திருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு பொருள் உண்டு, எழுந்து போய் அந்த ஆளின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஒரு பொருள் உண்டு என்பது அன்று மாலைதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு நடந்து போகும்போது என் அப்பாவின் நினைவு வந்தது. அவரும் ஷாஃப்டில், அந்தச் சுரங்கக் குழியில், இறங்கியவர். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். சட்டை, டவுசர், டிபன் டப்பா எல்லாவற்றையும் தங்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். ஆயுள் முழுக்க அப்படி நின்றவர். எங்கள் வீட்டில் துவைக்கப் போடும் சட்டையின் பையில்கூட அம்மா கையை நுழைக்கமாட்டார். சட்டையை அப்பாவிடமே நீட்டுவார், பையில் இருப்பதை அப்பா தானே எடுத்து வைப்பார். எதற்கு இந்தச் சம்பிரதாயம் என்று சிறுவயதில் நினைத்திருக்கிறேன். ஒருவர் பையில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது என்பது அந்த வீட்டில் வேதம். நான் படித்து அலுவலகத்துக்குப் போனதால் என்னை யாரும் தடவிப் பார்த்ததில்லை. அந்த வசதியோடுதான், அதே மாதிரி கையைத் தூக்கி நின்ற இன்னொருவருடைய மகனை நான் பை திறக்க வைத்திருக்கிறேன்.

மறுநாள் கடைசிப் பெட்டிக்குப் போனேன். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் மொபைல்காரர் முன்னே நின்று, “நான் செஞ்சது தப்பு. எங்க அப்பாவும் ஷாஃப்ட்ல செக்கிங்குக்கு நின்னவரு. மன்னிச்சிடுங்க” என்றேன். “எங்க அப்பாவும்தான் சார்” என்றார் அவர். அவ்வளவுதான். சில நாள் கழித்துச் சிஸ்டரோடு எங்கள் பெஞ்சுக்குத் திரும்பினார். ஆனால் சும்மா திரும்பவில்லை. தினமும் உட்காருவதற்கு முன் ஜிப்பைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டி, “சார், செக்கிங்” என்பார். பெட்டி சிரிக்கும். நான் கூனிக் குறுகிப்போவேன். கொஞ்சம் சொல்லக் கூடாதா என்று சிஸ்டரிடம் கெஞ்சினேன். “அவருக்கு எப்பப் போதும்னு தோணுதோ அப்ப விடுவாரு. அதுவரைக்கும் நீங்க ‘சரி’ன்னு சொல்லுங்க சார். ஒண்ணும் கொறஞ்சிட மாட்டீங்க” என்றார். சொன்னேன். சில மாதங்கள் சொன்னேன். ஒருநாள் அவர் பையைப் பேசாமல் மேலே போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு சூப்பர்வைசர் தன் போனில் அதே வகை ஆட்டம் ஒன்றை இறக்கிக்கொண்டு வந்தார். சிஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எட்டுப் பேரில் ஒருவருக்குச் சந்தேகம் இருந்தாலும் குத்தக் கூடாது. வைட்ஃபீல்டு வந்தால் இறங்குகிறவர்கள் இறங்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம். சில வழக்குகள் வாரக்கணக்கில் திறந்தே கிடந்தன. இறங்கியவர்கள் வேலைக்கு நடுவே யோசித்து, மாலை ரயிலுக்குப் புதிதாக ஒரு யோசனையைக் கொண்டு வந்தார்கள். ஒருமுறை நாங்கள் எல்லோரும் தோட்டக்காரன்மேல் முத்திரை குத்தத் தயாராக இருந்தபோது, மொபைல்காரர் ஒருவர் மட்டும் முடியாது என்று மூன்று நாள் மல்லுக்கு நின்றார். அவர் சொன்னதுதான் சரி என்று கடைசியில் தெரிந்தது. அந்த ஆட்டத்தின் முடிவில், எங்கள் வழக்குகளில் ஒன்றில்கூடத் தவறான ஆளுக்கு முத்திரை விழவில்லை என்று திரை சொன்னபோது, சிஸ்டர் பை நிறைய மைசூர்பாகு கொண்டுவந்து பெட்டி முழுவதும் கொடுத்தார். நான் வாங்கிய எந்தப் பட்டமும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி தரவில்லை.

சிஸ்டர் ஓய்வு பெற்றுப் பேத்தமங்களாவில் இருந்தார். போன மழைக்காலத்தில் காலமானார். அடக்கத்தின்போது பாஸ்டர் அவருடைய சேவையைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். எங்கள் ரயிலின் கடைசிப் பெட்டியைப் பற்றிப் பாஸ்டருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் கண் பரிசோதனைக்காக நீண்ட நாளுக்குப் பிறகு அந்த ரயிலில் போனேன். வயதுக்கு இரங்கி ஒரு பெண் இடம் கொடுத்தாள். பெஞ்சில் இருந்த ஒவ்வொருவரும் தனித்தனியே காதில் மாட்டிக்கொண்டு தங்கள் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோரமண்டலில் கூட்டத்தோடு மொபைல்காரர் ஏறினார். தலை நரைத்திருந்தது. நிற்கவும் இடமில்லை. என்னைப் பார்த்தார். தோளிலிருந்து பையைக் கழற்றி, இரண்டு பேர் தலைக்கு மேலாக நீட்டி என் மடியில் வைத்தார். “கொஞ்சம் வெச்சிக்கோங்க சார்.” நிற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பவர் மடியில் பையைக் கொடுத்து வைப்பது எங்கள் ரயிலில் பெரிய விஷயமில்லை. யாரென்று தெரியாதவரிடம்கூடக் கொடுப்பார்கள். என்னிடம் மட்டும் அவர் அதுவரை கொடுத்ததில்லை. ஜிப் ஓரத்தில் ஒரு விரலளவு திறந்திருந்தது. பார்வையை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு அதை இழுத்து மூடினேன். கன்டோன்மென்ட் வரும்வரை இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.