ஆற்று மணியும் மஞ்சள் நூலும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது இது. தென்லண்டனில் நான் வசிக்கும் மிட்சம் என்ற பகுதியிலிருந்து எல்மர்ஸ் எண்ட் போகும் டிராமில் உட்கார்ந்திருந்தேன். அங்கே இறங்கி ரயில் பிடித்தால் லூயிஷாம். மடியில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள், மறுநாள் அங்குள்ள சிவன் கோவிலில் தாலி கட்டிக்கொள்ளப்போகும் ஒரு பெண்ணுக்காக நான் கோத்த மணிமாலை.

மணி கோக்கிறவன் நான். ஆண்பிள்ளைக்கு இது என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய கதை இல்லை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது போரால் இடம்பெயர்ந்தோம். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு ஒவ்வொரு நாடாக அலைந்தேன். மீன் பெட்டி கழுவினேன், உணவகங்களில் வெங்காயம் உரித்தேன், ஒரு குளிர்காலம் முழுக்க அகதி முகாமில் இருந்தேன். அந்த முகாமில் பொழுதுபோக்கட்டும் என்று ஒரு மேசையில் களிமண்ணும் மணிகளும் வைத்திருப்பார்கள். களிமண் பக்கம் இடமில்லை. மணிகளுக்கு முன்னால் ஒருவரும் இல்லாததால் போய் உட்கார்ந்தேன். ஊசியில் ஏறிய மணி நூலில் வழுக்கி, முன்னால் போன மணியைத் தொடும்போது மெல்லிய சத்தம் ஒன்று வரும். அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் விழித்துக்கொண்டே தூங்குவதுபோல இருக்கும். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் என் பையில் மணிகளும் வந்தன.

லண்டனில் ஒரு கடையில் ஷிப்ட் வேலை. மற்ற நேரமெல்லாம் அறையில் மணி. திருவிழா நாட்களில் மண்டப வாசலில் மேசை போட்டு விற்பேன். போனில் படம் போட்டால் ஆர்டரும் வரும். என்னோடு அறையில் இருப்பவர் காலையில் தேநீரை நீட்டும்போதே, "வளையல்காரி எழும்பீட்டாவோ?" என்றுதான் கேட்பார். கலியாணத்துக்கு என்று என்னிடம் வந்த முதல் ஆர்டர் இந்த மாலைதான். கலியாண வீட்டில் நல்ல பெயர் எடுத்தால் அடுத்த கலியாண வீட்டுக்கும் அது தானாகவே நடந்து போகும். கெட்ட பெயர் இன்னும் வேகமாக நடக்கும்.

ஆர்டர் எடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது தாயும் மகளும் சண்டையில் இருந்தார்கள். மகள் லண்டனில் பிறந்தவள். சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கடல் வற்றோடு தேம்ஸ் ஆற்று நீர் இறங்கிக் கிடந்த நேரம், கரைச் சேற்றிலிருந்து ஒரு பழைய கண்ணாடி மணியைப் பொறுக்கியிருக்கிறாள். நீலமும் பச்சையும் கலந்த நிறம். உள்ளே மூச்சுவிட்டதுபோல ஒரு குமிழி. யார் கழுத்தில் கிடந்து எந்தக் காலத்தில் ஆற்றில் விழுந்ததோ! பரீட்சை, நேர்முகம் எல்லாவற்றுக்கும் அதைக் கையில் பொத்திக்கொண்டு போனவள், கலியாணத்துக்கும் வேண்டும் என்றாள்.

"அண்ணா, இது என்ரை லக்கி பீட். நடுவிலை இதுதான் வரவேணும்."

"ஆத்துச் சேத்துக்கை கிடந்ததை மணவறையிலை போடப்போறாவாம். செத்த ஆக்களின்ரை சாமானோ என்னவோ, ஆர் கண்டது?" என்றார் தாய்.

"அப்ப நான் ஒண்டும் போடேல்லை. வெறும் கழுத்தோடை வாறன்."

தாய் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. ஆற்று மணி நடுவில் வரலாம்; ஆனால் மாலை முழுவதையும் மஞ்சள் பூசிய பருத்தி நூலில்தான் கோக்கவேண்டும். கம்பி கூடாது, நைலோன் கூடாது. மங்கல காரியத்துக்கு மஞ்சள் நூல்தான் என்று தாய் முடிவாகச் சொல்லிவிட்டார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மணி கோக்கிற எவருக்கும் தெரியும், கண்ணாடி மணியின் துளை ஓரம் கூராக இருந்தால் அது பருத்தி நூலை மெல்ல மெல்ல அறுக்கும். ஆற்று மணியின் துளை ஒரு பக்கம் உடைந்திருந்தது. தண்ணீருக்குள் வைத்து மெல்லிய அரத்தால் தேய்த்தேன். அதிகம் தேய்த்தால் மணி வெடித்துவிடும் என்ற பயத்தில் பாதியில் நிறுத்தினேன். நூலை இரண்டு மடங்காக்கினேன். போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு டிராம் திறந்த வெளிக்கு வந்ததும் வெயில் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தது. இந்த ஊரில் அப்படி வெயில் வந்தால் எதையாவது அதில் காட்டிப் பார்க்கத் தோன்றும். பெட்டியைத் திறந்து மாலையைத் தூக்கினேன். சிவப்புப் பளிங்கு மணிகளில் பட்ட வெளிச்சம் டிராமின் கூரை முழுக்கச் சின்னச் சின்னப் பொட்டுகளாகத் தெறித்தது. மாலையை அசைத்தேன். பொட்டுகள் பயணிகளின் முகங்களிலும் தோள்களிலும் மிதந்தன. போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். எங்கேயோ ஒரு குழந்தை சிரித்தது. நான் இன்னும் கொஞ்சம் அசைத்தேன்.

அப்போதுதான் நூல் அறுந்தது.

மணிகள் மழைபோலக் கொட்டின. டிராம் வளைவில் திரும்பியபோது எல்லாம் ஒரு பக்கம் ஓடின. நிமிர்ந்தபோது மறுபக்கம் ஓடின. என் கையில் மஞ்சள் நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒருத்தரும் காலைத் தூக்காதேங்கோ!"

பின்னால் இருந்து ஒரு குரல். சாமான் வண்டியைப் பிடித்தபடி நம் ஊர் அம்மா ஒருவர் எழுந்து நின்றார். அவர் கத்தியது தமிழில். அந்த டிராமில் எங்கள் இருவரைத் தவிரத் தமிழர் யாரும் இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் காலை அசைக்காமல் இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். ஒருவர் தொப்பியில் சேர்த்தார். ஒரு பெண் குடித்து முடித்த காப்பிக் கோப்பையில் போட்டுத் தந்தாள். நான் மண்டியிட்டுத் தவழ்ந்தேன்.

"என்ன மாலை தம்பி?" என்று கேட்டார் அந்த அம்மா.

"கலியாண மாலை அம்மா. நாளைக்குக் கலியாணம்."

"ஐயையோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். "முதல்நாள் அறுந்துபோச்செண்டு பொம்பிளை வீட்டுக்காரருக்குச் சொல்லிப்போடாதை. சத்தம் போடாமல் கோத்துக் குடு." சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "மணி கோக்கிறது நீயோ? வீட்டிலை பொம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்றும் கேட்டார்.

ஈஸ்ட் க்ராய்டனில் கூட்டம் இறங்கியது. கதவு திறக்கும்போதெல்லாம் இறங்குகிறவர்களின் கால்களையே பார்த்தேன். சிவப்பு மணிகள் அநேகமாக வந்துவிட்டன. குறைந்தாலும் அறையில் வேறு இருந்தன. ஆற்று மணியைத்தான் காணவில்லை. யாருடைய செருப்பிலாவது ஒட்டிப் போயிருக்கலாம். கதவு இடுக்கால் தண்டவாளத்தில் விழுந்திருக்கலாம். அதை எந்தக் கடையில் வாங்குவது? ஓர் ஆறு எத்தனையோ காலம் பத்திரமாக வைத்திருந்ததை நான் ஒரு காலையில் தொலைத்துவிட்டேன்.

டிராம் கடைசி நிறுத்தத்துக்கு வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். கீழே பார்த்துக்கொண்டே மறுகோடிவரை போனேன். அங்கே இரண்டு சப்பாத்துகள் தெரிந்தன. சுண்ணாம்பு படிந்த, கட்டட வேலை செய்பவரின் தடித்த காலணிகள். நிமிர்ந்தேன். உயரமான ஒரு மனிதர் கதவோரத் தடுப்பில் முதுகைச் சாய்த்து நின்றார். கம்பளியில் சுற்றிய பெரிய முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றை இரண்டு கைகளாலும் குழந்தையைப்போல அணைத்திருந்தார். அவரால் குனிய முடியாது. கண்ணாடியைக் கீழே வைக்கவும் இடமில்லை. என்னைக் கண்டதும் கண்ணால் தன் வலது காலைக் காட்டினார்.

சப்பாத்தின் குதிகாலுக்கும் முன்பக்கத்துக்கும் நடுவே ஒரு வளைவு இருக்குமே, அந்த இடைவெளிக்குள் ஆற்று மணி இருந்தது. தூங்கும் பிள்ளையைத் தாண்டுகிறவரைப்போலக் காலை மெல்லத் தூக்கினார். நான் எடுத்துக்கொண்டேன். அவர் காலின் சூடு அதில் இருந்ததாக இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவருக்கு ஆங்கிலம் அதிகம் வரவில்லை. எனக்கு அவர் மொழி தெரியவில்லை. மணியைப் பார்த்து "கிளாஸ்" என்றார். பிறகு தன் நெஞ்சோடு இருந்ததை மோவாயால் காட்டி மறுபடியும் "கிளாஸ்" என்றார். இறங்கவேண்டிய இடம் எது என்று கேட்டேன். "ஈஸ்ட் க்ராய்டன்" என்று சிரித்தார். கூப்பிட்டிருப்பார், அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது. கால் நகர்ந்தால் மணி ஓடிவிடும் என்று தன் நிறுத்தத்தை விட்டுவிட்டு அப்படியே நின்றிருக்கிறார். ஒரு சிவப்பு மணியை அவருடைய சட்டைப்பைக்குள் போட்டேன். எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் போகும் டிராமுக்குக் காத்து நின்றார். கம்பளி விலகிய ஓரத்தில், கண்ணாடியில் ஒரு துண்டு வானம் தெரிந்தது.

நிலையத்து இருக்கையில் உட்கார்ந்தேன். கையில் மஞ்சள் நூல் மிச்சம் இருந்தது. அதிலேயே கோத்து, பேசாமல் கொடுத்துவிடலாம். நாளைக்கு மணவறையில் அறுந்தால்? நைலோனில் கோத்து மறைக்கலாம். அது தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இருந்த உடன்பாட்டை நான் திருடுவதாகும். பெட்டியை மூடிக்கொண்டு ரயில் ஏறினேன்.

கலியாண வீடு நிறையச் சொந்தக்காரர். பலகாரம் பொரிக்கும் வாசம். தாயைத் தனியாகக் கூப்பிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் முகம் வெளிறியது. படியில் நின்ற மகள் கேட்டுக்கொண்டே இறங்கி வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எல்லா மணியும் கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டார் தாய்.

"ஆத்து மணி கிடைச்சிட்டுது அக்கா. சிவப்பிலை ஒண்டு நானாய்க் குடுத்தது."

"அந்த மனிசன் உதுக்காகவோ தன்ரை இடத்திலை இறங்காமல் நிண்டவர்?"

"ஓம் அக்கா. கடைசி மட்டும்."

தாய் மணியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதுவரை அவர் அதைத் தொட்டதே இல்லை என்று மகள் பிறகு சொன்னாள்.

"அறுந்தது நூல்தானே. மணி இவளை விட்டுப் போகேல்லையே," என்றார் மெதுவாக. பிறகு குரல் பழையபடி உயர்ந்தது. "நைலோனிலையே கோவும். பிடரியிலை கட்டுற இடத்திலை மஞ்சள் நூல் வந்தால் எனக்குப் போதும். உங்கை நிண்டு முழிக்காமல் முதல் ஏதாவது சாப்பிடும்."

மாடிப்படியில் உட்கார்ந்து, என் பையில் எப்போதும் இருக்கும் நைலோன் நூலில் கோத்தேன். எல்லோரும் என்னைத் தாண்டித் தாண்டி ஏறி இறங்கினார்கள். வடை தந்தார்கள், காலை எடுக்கச் சொன்னார்கள். மறுநாள் கோவிலில் கடைசி வரிசையில் நின்று பார்த்தேன். அத்தனை சிவப்புக்கும் தங்கத்துக்கும் நடுவே அந்த ஆற்று மணி, விடியற்காலைத் தண்ணீர்போல அமைதியாக இருந்தது. மேளம் உச்சத்தில் கேட்டபோது தாயின் கண் ஒருமுறை அந்த மணிக்குப் போய் வந்தது.

அதற்குப் பிறகு கலியாண ஆர்டர்கள் வந்தன, இன்னும் வருகின்றன. சொந்தமாக ஒரு கடை இன்னும் இல்லை, அறையும் இரண்டுமுறை மாறிவிட்டது. வாழ்க்கை முழுக்க ஒவ்வோர் ஊராக ஏறி இறங்கியவன் நான். அந்நியன் ஒருவனின் மணிக்காகத் தன் நிறுத்தத்தை விட்டுக்கொடுத்து அசையாமல் நின்ற அந்த மனிதரை, ஒவ்வொரு மாலையின் நடு மணியைக் கோக்கும்போதும் கை சற்று நின்று நினைத்துக்கொள்கிறது.