ஆறு மணி வரை இருக்கச் சொன்னவர்

காஜா மைதீன் அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகன் தொலைபேசியில் சொன்னபோது நான் மதுரையில் பல் மருத்துவர் வாசலில் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "அத்தா காலையில மவுத்தாயிட்டாக. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். ஒங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு" என்றான். எனக்கு ஏன் முதலில் என்று யோசித்துக்கொண்டே பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். போடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், பல்லைக் காட்டாமலே கிளம்பி வந்துவிட்டேன் என்பது உறைத்தது.

வங்கியில் அவரோடு வேலை பார்த்து, இப்போது இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கிற உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேவாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வங்கிக்கு ஒரு சின்னக் கிளை இருந்தது. அதற்கு அவர் மேலாளர். அதை மூடலாம் என்று அறிக்கை எழுதியவன் நான்.

வெளியூர் முதலீட்டாளர்கள் சிலர் எங்கள் வங்கியில் பணம் போட முன்வந்திருந்த நேரம் அது. கிராமத்துக் கிளைகளில் எது லாபம், எது நட்டம் என்று பிரித்துக் காட்டுங்கள், நட்டத்தைக் கழித்துவிட்டால் வருகிறோம் என்றார்கள். தலைமை அலுவலகம் என்னை அனுப்பியது. எனக்கு அப்போது தலைகால் புரியாத மிதப்பு. மூன்று நாள் பத்து மணிக்கே போய் உட்கார்ந்து, வருகிறவர்களை எண்ணினேன். முதல் நாள் பதினொரு பேர். மறுநாள் ஒன்பது பேர், அதில் ஒருவர் மின்விசிறிக் காற்றுக்காக வந்தவர்.

அண்ணன் மூன்று நாளும் ஒன்றையே சொன்னார். "மலைக்கு வேலைக்குப் போன சனம் ஆறு மணிக்குத்தான் ஜீப்புல வந்து எறங்கும். அதுகளுக்காகத்தான் கவுன்டரத் தொறந்து வச்சிருக்கேன். ஒரு நாள் இருந்து பாத்துட்டுப் போங்க தம்பி." எனக்கு மூன்றரைக்கு பஸ். மூன்று நாளும் அந்த பஸ்ஸைப் பிடித்தேன். போதாக்குறைக்கு, நேரம் கடந்து கவுன்டர் திறப்பது விதிமீறல் என்று அதையும் அறிக்கையில் சேர்த்தேன். அட பாவி என்று இன்றைக்கு என்னை நானே திட்டிக்கொள்கிறேன், அன்றைக்கு அது கடமையாகத் தெரிந்தது.

கடைசி நாள் தன் வீட்டுச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டே கணக்கை விளக்கினார். ஏலக்காய் பறிக்கிற பெண்கள் நூறு இருநூறாக இங்கே சேர்க்கிறார்கள், அவசரத்துக்கும் எடுப்பதில்லை. அந்தப் பணத்தைத்தான் போடிக் கிளை ஏலக்காய் வியாபாரிகளுக்குக் கடனாகக் கொடுக்கிறது. அடகு வைத்த காதுத் தோட்டைத் திருவிழாவுக்குள் மீட்காமல் விட்டவள் ஒருத்தியும் இல்லை. "லாபத்த அங்க எழுதுறாக, நட்டத்த இங்க எழுதுறாக. பணம் போட வர்றவுகளுக்குப் புத்தி இருந்தா இந்தக் கிளையத்தான் மொதல்ல கேப்பாக" என்றார். நான் மோர் ஊற்றிக்கொண்டு சிரித்தேன். எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் கிராமத்து வங்கித் தொழிலைப் பற்றிப் பேசக் கேட்டுவிட்டேன். அவரைவிடத் தெளிவாக யாரும் பேசவில்லை.

கிளையைப் போடியோடு சேர்த்துவிட்டார்கள். முதலீடு வந்தது, எனக்குப் பதவி உயர்வும் வந்தது. கிளையை மூடிய அன்று சாயங்காலம் அண்ணன் வாசலிலேயே நின்று, ஒவ்வொரு ஜீப்பிலும் வந்து இறங்கியவர்களிடம் தானே விஷயத்தைச் சொன்னாராம்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை தேவாரத்தில் என்னை ஜீப் நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். ஏலக்காய்க் கறை படிந்த விரல்களோடு ஒரு பெண் இறங்கினாள். "அது பேச்சியம்மா மக. நர்சிங் படிக்க வைக்கணும்னு அவ ஆத்தா நம்மகிட்ட சேத்துக்கிட்டு இருந்தா. பேங்கு போன பெறகு, போடிக்குப் போனா ஒரு நாள் கூலி போயிருமேன்னு, எல்லாத்தையும் எடுத்து இங்க சீட்டுப் பணம் வசூல் பண்ணிக்கிட்டுத் திரிஞ்ச ஒருத்தன்கிட்ட குடுத்தா. அவன் ஓடிட்டான்" என்றார். பிறகு வடை சூடாக இருக்கிறதா என்று கேட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணி ஆனால் என்னால் வீட்டில் இருக்க முடிவதில்லை. எங்கள் தெருவில் ஜீப் ஏது? ஆனாலும் இறக்கத்தில் கியர் மாற்றும் சத்தம் கேட்கிறது. பெண்கள் குதித்து இறங்குகிறார்கள், நான் எண்ணுகிறேன். ஒருநாளும் எண்ணி முடித்ததில்லை. கடைசியாக இறங்குகிறவள் அந்தப் பெண்தான், என்னைப் பார்க்காமல் மூடிய வங்கிக் கதவைப் போய்த் தட்டுகிறாள். ஆறு மணி ஆனால் ஒங்களுக்கு என்னதான் வருது என்று என் மனைவி கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டாள்.

தாங்க முடியாமல் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் அறிக்கை தவறு, கிளையைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று. பதில் இல்லை. அண்ணனிடம் சொன்னேன். "எழுதுனீகள்ல, விடுங்க" என்றார். விடுகிற விஷயமா அது?

அடக்கம் முடிந்து திரும்பும்போது அவர் வீட்டுத் தெருவில் மலை வேலைக்காரப் பெண்கள் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். நடுவயதுக்காரி ஒருத்தி, கையில் டீயோடு எழுந்து என்னிடம் வந்தாள். பேச்சியம்மாள் என்று பெயர் சொன்னாள்.

"எங்க பேங்க தொறக்கச் சொல்லி மதுரையிலருந்து எழுதுனது நீங்கதானாம்ல? காஜா சார் சொல்லியிருக்காரு. எங்களுக்காக நீங்களாச்சும் கேட்டீகளே சாமி."

அவர் என் கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறார். அறிக்கையைப் பற்றி, இத்தனை வருஷத்தில், யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் இங்கே எழுதிவிட்டேன், அது சுலபம். எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த நல்ல பெயர் ஒன்றுதான். அதை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பிக் கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பேச்சியம்மாள் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, "ஆமாம்மா, நான்தான்" என்றேன்.