எப்பா என்றால் வாயைத் திறக்கும் குட்டி

எங்கள் வீட்டுக்கு வந்த நாய்க்குட்டி முதன்முதலில் தின்றது அப்பாவின் இடது சப்பாத்தை. கந்தோர் வேலைக்குப் போட்டுக்கொண்டு போக அப்பாவிடம் இருந்தது அந்த ஒரு சோடிதான். குதிகால் பக்கம் பிய்ந்து நார்நாராகத் தொங்கியதை அவர் கையில் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார். அப்பா திட்டினால் எங்களுக்குப் பயமில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் பயம்.

குட்டியைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கலேவெலயிலிருந்து மாத்தளைக்கு மிளகாயும் வெங்காயமும் ஏற்றிவரும் லொறி ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் லொறியை நிறுத்தி, ஒரு சாக்கை அவிழ்த்துக் கவிழ்த்தார். மிளகாய்த் தூசியில் தும்மிக்கொண்டே மண்ணிறக் குட்டி ஒன்று உருண்டு விழுந்தது. மிளகாய் பயிரிடும் யாரோ ஒரு கமக்காரர் வீட்டில் வளர்ந்ததாம், நாலு மாதமாம். எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஏழு. அன்று முதல் அது என் கால்மாட்டில்தான் படுத்தது. அதற்கு முன்னால் நான் எப்படித் தூங்கினேன் என்பதே மறந்துபோயிற்று.

சப்பாத்துக்குப் பிறகு கதிரைக் கால், பாயின் ஓரம், என் புத்தகப் பையின் வார், அம்மா சம்பலுக்குத் தேங்காய் துருவும் மணைக்கட்டை என்று வரிசையாகப் போனது. எதை எடுத்தாலும் கடைவாயில் வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, வெற்றிலை போடும் கிழவரைப் போல ஆற அமர மெல்லும். “விடு” என்று கத்தினால் வாலை ஆட்டும். “விடுடா” என்றால் இன்னும் வேகமாக ஆட்டும். தம்பி அதற்குக் காது கேட்காது என்றே முடிவுகட்டிவிட்டான். ஆனால் அடுப்படியில் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் கொல்லையின் கடைக்கோடியிலிருந்து ஓடிவந்தது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. கதிரைக் காலில் வேப்பெண்ணெய் தடவினோம். வீடே நாறியதுதான் மிச்சம். அம்மா கொச்சிக்காயை அரைத்துப் பூசினாள். மிளகாய்த் தோட்டத்தில் வளர்ந்தது அதை நக்கித் துடைத்துவிட்டு, இன்னும் உண்டா என்று அம்மாவைப் பார்த்தது. தேங்காய்ப் பொச்சு மட்டை ஒன்றைக் கடிக்கக் கொடுத்தோம். அதை மெல்லவே இல்லை, பத்திரமாகக் கொண்டுபோய் அப்பாவின் தலையணைக்குக் கீழே வைத்தது.

அப்பாவுக்கு அது சரியில்லாத காலம். சிங்களம் மட்டுமே அரச மொழி என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர்கள் சிங்களப் பரீட்சை எழுதித் தேற வேண்டும், இல்லாவிட்டால் சம்பளம் ஏறாது, பிறகு வேலையும் போய்விடும். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுதித் தேறினார்கள். அப்பா எழுதவில்லை. வீட்டில் ஒரு கட்டளை போட்டார். கடையில் பேசுங்கள், சந்தையில் பேசுங்கள், வாசற்படிக்கு உள்ளே அந்தப் பாஷை வேண்டாம் என்றார். நாங்கள் தெருவில் சிங்களப் பிள்ளைகளோடு சிங்களத்தில் சண்டை போட்டுவிட்டு, படியேறும்போது தமிழுக்கு மாறிக்கொள்வோம். அப்பா வெளியிலும் பேசமாட்டார். பஸ் கொண்டக்டர் சிங்களத்தில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்லுவார். பாவம், அப்பாவுக்குச் சிங்களம் வராது, அதுதான் பரீட்சைக்குப் பயப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடையின் கைப்பிடி போன அன்று அப்பா வாயைத் திறந்தார். இன்னும் ஒரே ஒரு சாமானில் பல்லை வைத்தாலும் சரி, அடுத்த ஞாயிறு மாமாவின் லொறியில் குட்டி திரும்பிப் போய்விட வேண்டும் என்றார். நான் அழுதேன். தம்பி தன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான். அப்பா அசையவில்லை.

அந்த வாரத்தில்தான் ஒரு அதிசயத்தைக் கண்டோம். அம்மா எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மலையில் ஏறி இறங்கிய பழக்கமோ என்னவோ, வேலை முடிந்து உட்காரும்போதெல்லாம் “எப்பா” என்று பெரிதாக ஒரு மூச்சு விடுவாள். அவள் எப்பா என்றதும் குட்டி வாயில் இருந்ததை அப்படியே கீழே போட்டுவிட்டு, காதை மடக்கிக்கொண்டு நின்றது. மறுநாளும் அப்படித்தான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளைகளுக்கு இல்லாத இரக்கம் இந்த வாயில்லாச் சீவனுக்கு இருக்கிறதே என்று எங்களைப் பார்த்துச் சொன்னாள். நாங்கள் வெட்கப்பட்டு இரண்டு நாள் அவள் சொல்லாமலே தண்ணீர் தூக்கினோம்.

அந்த இரக்கத்தின் சாயம் வியாழக்கிழமை வெளுத்துப்போனது. கீரை கொண்டுவரும் சிங்களப் பெண்ணுக்கு அம்மா ஒரு தட்டில் வடை நீட்டினாள். அவள் கையை ஆட்டி “எப்பா நோனா, எப்பா” என்றாள். வேண்டாம் அம்மா என்கிறாள், அவ்வளவுதான். வாசலில் தம்பியின் செருப்போடு படுத்திருந்த குட்டி விருட்டென்று எழுந்து செருப்பைக் கக்கியது. அம்மா தட்டோடு நின்றாள். பிறகு வடை கீழே விழும்வரை சிரித்தாள். வேண்டாம், செய்யாதே என்பதற்குச் சிங்களத்தில் அந்தச் சொல்தான் என்று எங்களில் யாருக்குத் தெரியாது? தெருவில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுவோம். இருந்தும் வீட்டுக்குள் அது அம்மாவின் அலுப்பாகத்தான் எங்கள் காதில் விழுந்தது. மாமா கலேவெலச் சிங்கள வீட்டிலிருந்து குட்டியைக் கொண்டுவந்திருக்கிறார். அதற்குத் தெரிந்த பாஷையில் அதனிடம் ஒருவரும் பேசவில்லை.

அதன் பிறகு அப்பா வீட்டில் இல்லாத நேரமெல்லாம் குட்டி தங்கமான பிள்ளை. அவர் வந்தபின்தான் தொல்லை. கட்டளை இருக்கிறதே, எப்படிச் சொல்வது? அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். குட்டி எதையாவது தொடும்போதெல்லாம் “எப்பா” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது நல்ல தமிழ், யாரும் குறை சொல்ல முடியாது. ஒரே மாலையில் பத்துப் பன்னிரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தாள். அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

“ஒடம்புக்கு முடியலையா? காலையில ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்துருவோமா?”

அம்மா ஒன்றுமில்லை என்றாள். அப்பா நம்பவில்லை. மறுநாள் விடிந்ததும் அவரே கிணற்றுக்குப் போய் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கலியாணமான நாளிலிருந்து அவர் வாளியைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று அம்மா பல வருடங்கள் சொல்லிச் சிரித்தாள். அப்போது அவள் சிரிக்கவில்லை, குற்ற உணர்ச்சியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் அம்மா எங்களைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மறுநாள் மாமா வரும் நாள். பாதி வழியில் தூறல் விழ, குடை எடுத்துவர என்னைத் திருப்பி அனுப்பினாள். அடுப்படி வாசல் வழியாக உள்ளே வந்தேன். முன்னறையில் அப்பா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே குட்டி, அதன் வாயில் ஒரு நீளமான காகிதம். போச்சு, லொறியில் ஏற்றத்தான் போகிறார் என்று நினைத்துக் கதவோரமாக நின்றுவிட்டேன்.

அப்பா குனிந்து, மிக மெதுவாகச் சொன்னார்.

“ஏக்க கன்ன எப்பா, புத்தே.”

அதைத் தின்னாதே, மகனே. தெருவில் நாங்கள் பேசும் அரைகுறைச் சிங்களம் இல்லை அது. அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் நின்று பேசுவது போல இருந்தது. வில்கமுவப் பக்கம் தாத்தா கடை வைத்திருந்த சிங்களக் கிராமத்தில்தான் அப்பா பன்னிரண்டு வயதுவரை வளர்ந்தார் என்று அம்மா பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

குட்டி காகிதத்தை அவர் மடியில் போட்டது. அப்பா எச்சிலைத் துடைத்து, விரித்துப் பார்த்தார். கந்தோர் முத்திரை எனக்கும் தெரிந்தது. சிங்களப் பரீட்சைக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய விண்ணப்பம். திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் இனி இல்லை என்று அப்பாவும் அம்மாவும் அந்த வாரம் முழுக்கக் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டது அதைப் பற்றித்தான். அப்பா அதை வெகுநேரம் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு குட்டியின் முன்னால் நீட்டினார்.

“ஹா, கன்ன புத்தே.”

சரி, தின்னு மகனே என்று அவர் சொல்லியும் குட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தது. அப்பா தலையைத் தடவிக்கொடுத்ததும் காகிதத்தை வாங்கிக் கடைவாயில் வைத்தது.

மறுநாள் மாமா வந்து, தேநீர் குடித்து, வெறும் லொறியோடு போனார். விண்ணப்பம் போன விதம் தெரிந்து அம்மா ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. அவளுடைய கோபத்திலும் நியாயம் இருந்தது. எங்களுக்கும் வயிறு இருந்ததே. அடுத்த வருடம் அப்பாவின் வேலை நின்றது. ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதப் போனார். கந்தோரில் இருந்தபோது நிமிர்ந்திருந்த தோள் பிறகு நிமிரவில்லை. தெரியாத பாஷை என்றால் மனம் ஆறியிருக்கும், தெரிந்த பாஷைக்காக இப்படி ஆயிற்றே என்று எனக்கு நெடுநாள் ஆத்திரமாக இருந்தது. இப்போது ஆத்திரமில்லை. தன்மையாகக் கேட்டிருந்தால் அந்தப் பாஷையைச் சும்மாவே கொடுத்திருப்பார், அரசாங்கத்தார் அதட்டிக் கேட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

வாசற்படிக் கட்டளை எங்களுக்கு அப்படியே இருந்தது. குட்டிக்கு மட்டும் விலக்கு. கடையிலிருந்து வந்ததும் அப்பா பின்படியில் உட்கார்ந்து அன்று நடந்ததையெல்லாம் அதனிடம் சிங்களத்தில் சொல்லுவார். யார் வந்தார்கள், என்ன வாங்கினார்கள், முதலாளி எதற்குக் கோபப்பட்டார் என்று வரிசையாகச் சொல்லுவார். இடையிடையே புத்தே என்பார். அவ்வளவு கனிந்த குரல் அவரிடம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. தமிழில் அவர் எங்களை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் பாத்திரத்தைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு, அந்த நாயின் மேல் பொறாமையோடு, அப்பா பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நிற்பேன்.