ஒரே பேர் வைத்த இரண்டு பெட்டிகள்

அந்த வீட்டின் சின்ன மருமகளை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கோர்ட் வாசலைக்கூட மிதித்தது கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள், பெரியவர், அதாவது அவள் புருஷனின் அண்ணன், துணி வெட்டிக்கொண்டிருந்த மேசைப் பக்கம் அவள் போய் நின்றாள்.

"ஏன் மாமா, காலருக்கு மட்டும் துணியைக் குறுக்க வச்சு வெட்டுறீங்க?"

அவர் சொன்னார். சொன்ன பதிலிலிருந்தே இன்னொரு கேள்வி கேட்டாள். அதற்கும் சொன்னார். அடுத்ததற்கு அவள் வாயைத் திறந்தபோது கத்திரியைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா வக்கீலே, வாய்தா குடு தாயி. துணி வெட்டணும்."

அன்றோடு பேர் ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவும் இல்லை, கேட்பதை நிறுத்தவும் இல்லை. கேட்டுக் கேட்டே பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டாள் என்றால் அது மிகையல்ல. மிகை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

தொழில் சீருடை தைப்பது. கீழ்த் தளத்தில் வெட்டும் மேசையும் தையல் மெஷின்களும். வெட்டுவது பெரியவர், தைப்பது அவர் மனைவியும் கூட வரும் பெண்களும். வெளியில் அலைந்து ஆர்டர் பிடிப்பது அவர் தம்பி, சின்னவளின் புருஷன். மாடியில், ஜன்னலோர மேசையில், கம்ப்யூட்டரில் அளவு வரைவது சின்னவள். ஒரு சட்டைக்கு முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று ஒவ்வொரு துண்டும் எந்த வளைவில் போக வேண்டும் என்று அவள் வரைய, கீழே உள்ள கம்ப்யூட்டர் அதை அகலமான தாளில் அச்சடித்துத் தரும். அந்தத் தாளைத் துணி அடுக்கின் மேல் விரித்துப் பெரியவர் வெட்டுவார்.

முன்பெல்லாம் பழுப்புத் தாளில் அவரே கையால் வரைவார். அவள் வரைந்த முதல் சட்டையைப் போட்டுப் பார்த்தவர் கையைத் தூக்கினார், இறக்கினார், முதுகை வளைத்தார். "கை நல்லா உக்காருது" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிய விஷயம். சின்னவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளிலும் யார் பேரும் எழுதக் கூடாது. கத்திரியில் கூடாது, குடையில் கூடாது, டீ குடிக்கும் கோப்பையில் கூடாது. பெரியவரின் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு காலத்தில் வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பிப் பிரிந்தவர்கள். அந்தச் சுவர் எழும்புவதற்கு முன்னால் முதலில் ஏணியில் பேர் எழுதினார்களாம், பிறகு வாளியில் எழுதினார்களாம். அதைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்த மனிதர் பெரியவர். பேர் எழுதுவது என்றாலே பங்கு பிரிப்பதன் முதல் படி என்பது அவர் முடிவு. யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

இன்டர்நெட் பெட்டி கீழே வெட்டும் அறையில் இருந்தது. மாடிக்கு அதன் சிக்னல் எட்டவில்லை. தம்பி கடைக்குப் போய் அதே மாதிரி இன்னொரு பெட்டி வாங்கி வந்தார். கீழ்ப் பெட்டியிலிருந்து ஒரு வயரைப் படிக்கட்டு ஓரமாக ஏற்றி, மேல் பெட்டியின் நீல நிற ஓட்டையில் செருகினார். போனில் என்ன பேர் காட்ட வேண்டும் என்று பெட்டி கேட்டதாம். பெரியவரிடம் கேட்டார்.

"ஒரே வீடு, ஒரே பேரு. இதுல கேக்க என்ன இருக்கு?"

இரண்டுக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு. மாடியிலும் இன்டர்நெட் வந்தது. ஆனால் கீழே உள்ள கம்ப்யூட்டருக்கு மாடிக் கம்ப்யூட்டர் தெரியவே இல்லை. அதனால் சின்னவள் வரைந்ததைப் பென்டிரைவில் ஏற்றிக் கீழே கொண்டு போவாள். பென்டிரைவ்கள் எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு. எதிலும் பேர் கிடையாது.

என்ன நடந்திருக்கும் என்று இப்போது தெரிந்திருக்குமே. செவிலியர்களுக்கான அங்கி ஆர்டர் வந்தது. மாதிரி ஒன்று தைத்துக் கொடுத்தார்கள். தலைமைச் செவிலி அணிந்து பார்த்துவிட்டு, குனிந்தால் தோள் பிடிக்கிறது, அகலம் வேண்டும் என்றார். சின்னவள் மாற்றி வரைந்தாள். மேசையில் கிடந்த பென்டிரைவ்களில் பெரியவர் கையில் அகப்பட்டது பழையது. அடுக்கடுக்காக விரித்திருந்த வெள்ளைத் துணி முழுவதும் பழைய அளவில் வெட்டப்பட்டுவிட்டது. வெட்டிய துணியை ஒட்ட வைக்க முடியுமா?

பெரியவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. வெட்டின துண்டுகளை மடித்து மூலையில் வைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார்.

"இந்த அங்கியை எப்படியாவது முடிச்சுக் குடுத்துருவோம். அடுத்த ஆர்டர்லேருந்து வரையறதை வெளிய குடுத்துரலாம். ஒரு பையன் இருக்கான், வரைஞ்சு மெயில்ல அனுப்பிடுவானாம். தப்பு நடந்தா அவனைக் கேக்கலாம். வீட்டு மனுஷியைக் கேக்க முடியுமா?"

மாடிப்படியில் நின்றிருந்த சின்னவளுக்கு இது காதில் விழுந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இவ்வளவு மரியாதையாக வேலையைப் பிடுங்கினால் யாரோடு சண்டை போடுவது?

"நாமளும் மெயில்ல அனுப்பலாமே" என்றார் மாடிக்கு வந்த புருஷன்.

"அனுப்புற ஒவ்வொண்ணும் இன்னொரு காப்பிங்க. நேத்து அனுப்பினது எது, இன்னிக்கு அனுப்பினது எதுன்னு மறுபடி அதே கூத்து. வீட்டுல ஒரு அங்கிக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கணும். நான் மேல திருத்தினா மாமா கீழ திறக்கிறதும் அதேதான்னு இருக்கணும்."

"அது முடியுமா?"

"ஏன் முடியாது?" என்றாள் வக்கீல்.

இன்டர்நெட் கம்பெனி ஆளை வரவழைத்தார்கள். வந்தவன் கீழ்ப் பெட்டியைப் பார்த்தான். "எங்க பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது. மேல இருக்கிறது நீங்க வாங்கினது, அதுல நான் கை வைக்கக் கூடாது" என்று ஹெல்மெட்டை எடுத்தான். சின்னவள் வாசலை மறித்து நின்றாள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு. மேல கம்ப்யூட்டர்ல இன்டர்நெட் வருது. கீழேருந்து பாத்தா மேல இருக்கிறது ஏன் தெரியல?"

"அது... மேல் பெட்டி தனி வீடு மாதிரி நடந்துக்குதுக்கா. உள்ளேருந்து வெளிய போகலாம், வெளியேருந்து உள்ள விடாது."

"ஏன் தனி வீடு?"

"ரெண்டு பெட்டியும் நம்பர் குடுக்குதே. கம்ப்யூட்டர், போன் எல்லாத்துக்கும் வீட்டு நம்பர் மாதிரி ஒரு நம்பர் வேணும். அதை ஒரு பெட்டிதான் குடுக்கணும்."

"இன்னொண்ணை நிறுத்திட்டா?"

"நிறுத்திட்டு, வயரை அந்த நீல ஓட்டையிலேருந்து எடுத்துப் பக்கத்து ஓட்டையில போடணும். நீலம்தான் வாசக்கதவு. அக்கா, நான் இன்னும் நாலு வீட்டுக்குப் போகணும்."

"போயிட்டு வாங்க தம்பி. டீ?"

"வேணாம்க்கா" என்று ஓடியே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மெஷின்கள் ஓடாத நேரம், சின்னவள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்தாள். அங்கிருந்தால் இரண்டு பெட்டியின் விளக்குகளும் கண்ணில் படும். மடிக்கணினியில் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். எண் கொடுக்கும் வேலையை நிறுத்து என்று அழுத்தினாள். பெட்டி ஒரு தரம் அணைந்து எழுந்தது.

அவ்வளவுதான். கீழே பெரியவரின் மகள், "ஐயோ, என் பரீட்சை வீடியோ!" என்று அலறினாள். பெரியவரின் போனில் ஓடிக்கொண்டிருந்த பந்தாட்டம் நின்றுவிட்டது. மாடியில் புருஷன், "இங்கயும் போச்சு!" என்று குரல் கொடுத்தார்.

நடந்தது இதுதான். இரண்டு பெட்டிக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு. திறந்தால் வருகிற பக்கமும் ஒரே மாதிரி. மேல் பெட்டியைத்தான் பிடித்திருக்கிறோம் என்று அவள் நினைக்க, நடுப்படியில் உட்கார்ந்திருந்த மடிக்கணினி கீழ்ப் பெட்டியைப் பிடித்திருந்தது. எண் கொடுக்க வேண்டியதன் வாயைக் கட்டிவிட்டாள்.

"என்ன வக்கீலே, வாதம் தோத்துப் போச்சா?" என்று கீழேயிருந்து பெரியவரின் குரல்.

"இன்னும் தீர்ப்பு வரல மாமா!"

வாய்தான் அப்படிச் சொன்னது. அதே பக்கத்தை மறுபடி திறக்கப் பார்த்தாள், வரவில்லை. வெட்டின துணி மூலையில் கிடக்கும்போதே வீட்டில் இருந்த இன்டர்நெட்டையும் கெடுத்தாள் என்றால் பிறகு அவள் பேச்சு எங்கே எடுபடும்?

பெரியவரின் மனைவி, அவள் ஓரகத்தி, படியேறி வந்து ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். "குடிடி முதல்ல. தையல் கோணினா பிரிச்சுத்தான் தைக்கணும். அதுக்கு ஏன் இப்படி வெளிறிப்போய் உக்காந்திருக்க?"

தண்ணீரைக் குடித்தாள். யோசித்தாள். பெட்டி எண் தராது, சரி. தராவிட்டால் என்ன, நாமே ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாதா? கீழே போய் மடிக்கணினியை வயரால் கீழ்ப் பெட்டியோடு நேராக இணைத்தாள். அந்தப் பெட்டியின் எண் வரிசையில் யாருக்கும் போகாத ஓர் எண்ணை மடிக்கணினியில் தன் கையாலேயே எழுதினாள். பக்கம் திறந்தது. நிறுத்தியதை மறுபடி ஓட விட்டாள். பெரியவர் போனில் பந்து உருண்டது.

இந்த முறை படியில் உட்காரவில்லை. மேல் பெட்டிக்குப் பக்கத்திலேயே போய், மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, வயரைச் செருகி உட்கார்ந்தாள். முதலில் அதற்குக் கீழ்ப் பெட்டியின் வரிசையிலேயே வேறு யாருக்கும் போகாத ஓர் எண் கொடுத்தாள். எண் கொடுக்கும் வேலையிலிருந்து அதற்கு ஓய்வு கொடுத்தாள். பிறகு, அந்த வீட்டில் யாரும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தாள். அதன் பேரை மாற்றினாள். 'மேல்' என்று வைத்தாள். கடைசியாகக் கீழிருந்து வரும் வயரை நீல ஓட்டையிலிருந்து பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் செருகினாள். டக்கென்று உட்கார்ந்தது. விளக்கு பச்சையாகச் சிமிட்டியது.

கீழே ஓடினாள். வெட்டும் அறைக் கம்ப்யூட்டரில் மாடிக் கம்ப்யூட்டரின் பேர் வந்து நின்றது. படங்களுக்கென்று அதில் பொதுவில் வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தாள். அங்கியின் படம், அகலத் தோளோடு, அப்படியே இருந்தது. சின்னவளுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் பெரியவர் போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன இது, ரெண்டு பேரு காட்டுது? வீட்டைப் பிரிச்சுட்டியா?"

அவர் குரலில் கேலி இல்லை. ஓரகத்தி கையில் இருந்த ஊசியை அப்படியே நிறுத்தினாள்.

"இல்ல மாமா. பேரு ஒண்ணா இருந்தப்பதான் இது ரெண்டு வீடா இருந்தது. மேல இருக்கிறது தனக்குன்னு ஒரு வரிசை வச்சுக்கிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தது. இப்ப நம்பர் குடுக்கிறது ஒருத்தர்தான். மேல இருக்கிறது வெறும் வழி. எந்த வழியா வர்றோம்னு தெரியறதுக்குத்தான் வேற பேரு. தெரியாமத்தான் இப்ப வீடே முடங்கிப் போச்சு."

பெரியவர் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"நம்பர் குடுக்கிறது யாரு?"

"கீழ்ப் பெட்டி."

"அப்ப சரி" என்றார். ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் ஒரு தலையாட்டலில் வேலை திரும்பக் கிடைத்துவிடும் என்று சின்னவள் நினைக்கவில்லை. அந்த மனிதரை அவளுக்குத் தெரியாதா? மறுநாள் தலைமைச் செவிலி புது மாதிரியை அணிந்து பார்க்க வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், கையை வீசினார். தோள் சரியாக இருந்தது. பைதான் இன்னும் கொஞ்சம் தாழ இருந்தால் பேனா எடுக்க வசதி என்றார். வழக்கமாக இப்படி யாராவது சொன்னால், "நாளைக்கு வாங்கம்மா" என்பார் பெரியவர். அன்றைக்கு மாடிப்படிக்குக் கீழே போய் நின்றார்.

"வக்கீலே! பையை ஒரு அங்குலம் கீழ இறக்கு!"

"இறக்கிட்டேன் மாமா. பாருங்க."

கம்ப்யூட்டர் பக்கம் வந்து அந்தப் படத்தை மூடித் திறந்தார். பை இறங்கியிருந்தது. ஃபோல்டரில் வேறு படம் இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினார். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அச்சுக்கு விட்டார். தாள் உருண்டு வந்ததும் அதை மேசையில் விரித்து, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த டேப்பால் அளந்துகூடப் பார்க்காமல் துணிமேல் வைத்தார்.

"மத்த இடத்துல வரையறதை வெளிய குடுப்பாங்களே, நீங்க குடுக்கறதில்லையா?" என்று செவிலி கேட்டார்.

"வெளியவா? இருங்க" என்று பெரியவர் போனை எடுத்து, வரைந்து அனுப்புவதாகச் சொன்ன பையனை அழைத்தார். "தம்பி, நான்தான் பேசறேன். அந்த வரையற வேலை வேணாம்ப்பா... சேச்சே, உன்மேல குறை ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுலயே ஆள் இருக்கு. இங்க நான் வாயைத் திறந்து சொல்லி முடிக்கிறதுக்குள்ள படம் மேசைக்கு வந்துருது. ஆமா, மாடிலேருந்து. எப்படின்னு என்னைக் கேக்காத, அதுக்கு நீ அவளைத்தான் கேக்கணும்."

கொஞ்சம் உரக்கத்தான் பேசினார். மாடிக்குக் கேட்க வேண்டும் என்றே பேசினார் என்று ஓரகத்தி இன்றைக்கும் சொல்வாள். அவர் இல்லை என்பார். கேட்டது என்பதுதான் உண்மை.

சின்னவள் மேலே அடுத்த அளவை வரைந்துகொண்டிருந்தாள். தோள் வளைவை ஒரு தரம் சரிபார்த்துச் சேமித்தாள்.

"பெரிய சைஸ் எப்ப வரும்?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"வந்தாச்சு மாமா. திறங்க."

கீழே கத்திரி ஓடத் தொடங்கியது.